கலிஃபோர்னியா பள்ளி வாரியம்: உறுப்பினர் கையில் இருப்பதும் இல்லாததும்

கலிஃபோர்னியாவில் பொதுப் பள்ளிகளை மேற்பார்க்கும் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்குத் தனி ஆளாக எந்த அதிகாரமும் கிடையாது. பள்ளி முதல்வரைக் கூப்பிட்டு ஒரு பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்ல முடியாது. ஆசிரியரை இடம் மாற்ற முடியாது. பள்ளி மாவட்ட அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவுக்குக்கூட உத்தரவு போட முடியாது. முறைப்படி அறிவித்த கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் ஏற்கெனவே இருக்கும் பொருள் மீது, ஐவரில் மூவர் அல்லது எழுவரில் நால்வர் கை தூக்கினால்தான் வாரியம் ஏதோ செய்ததாகக் கணக்கு. கவுன்சிலரைப் பிடித்தால் ஒரு போனில் வேலை முடிந்துவிடும் என்று ஊரில் பழகி வந்த பெற்றோருக்கு இது முதல் ஏமாற்றம்.

இரண்டாவது ஏமாற்றம் தேர்தல் முடிந்த பிறகு வரும். வேட்பாளர்கள் மேடையில் பேசும் பலவற்றை வாரியம் தீர்மானிப்பதே இல்லை. வாரியம் உண்மையிலேயே தீர்மானிக்கும் விஷயங்களோ டிசம்பர், மார்ச், ஜூன் மாதக் கூட்டங்களில், பெரும்பாலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நிறைவேறுகின்றன. ஓர் உறுப்பினர் நல்லவரா, திறமையானவரா என்று எடைபோட அந்த மூன்று மாதங்களின் பதிவுகளைப் பார்த்தால் போதும்.

எது யார் கையில்

அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் மட்டும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றும் தன் வட்டாரப் பொதுப் பள்ளிகளை நடத்தும், நகராட்சியின் கீழ் வராத தனி அரசு அமைப்பு. எல்லையும் ஊர் எல்லையோடு ஒத்துப்போகாது. கூப்பர்டினோவில் வசிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எட்டாம் வகுப்பு வரை கூப்பர்டினோ யூனியன் மாவட்டத்தில் படிக்கிறார்கள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் வேறு வாரியம், வேறு பட்ஜெட், வேறு ஆசிரியர் சங்கம். ஃப்ரீமான்ட் நகரில் இருப்பது இன்னொன்று: ஃப்ரீமான்ட் யூனிஃபைட். பெயர்க் குழப்பத்தில் சம்பந்தமில்லாத வாரியத்துக்குக் காரசாரமாக மின்னஞ்சல் எழுதுவது எளிது.

வாரியம் நேரடியாக நியமிக்கும் ஊழியர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான்: மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்ட். மற்ற எல்லோரும் அவருக்குக் கீழே. பாடத் தரநிலைகள், மாநிலத் தேர்வுகள், ஆசிரியர் தகுதிச் சான்று, வருடத்துக்கு 180 பள்ளி நாட்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் மூலம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ. பள்ளி தொடங்கும் நேரம்கூட 2022 ஜூலையிலிருந்து மாநிலச் சட்டப்படிதான்: நடுநிலைப் பள்ளி காலை 8 மணிக்கு முன்பும், உயர்நிலைப் பள்ளி 8.30-க்கு முன்பும் தொடங்கக் கூடாது. கிராமப்புற மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு. "நான் வந்தால் பள்ளி நேரத்தைப் பழையபடி ஏழரைக்கு மாற்றுவேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அவர் சட்டம் படிக்கவில்லை என்று பொருள்.

வாரியத்துக்கு மிஞ்சுவது சூப்பரின்டென்டன்டை நியமிப்பதும் நீக்குவதும், பட்ஜெட், தொழிற்சங்க ஒப்பந்தம், பாடநூல் தேர்வு, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக்கோடு, பள்ளி மூடல், கடன்பத்திரத்தையும் மனை வரியையும் வாக்கெடுப்புக்கு அனுப்புவது, சார்ட்டர் பள்ளி (பொதுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) விண்ணப்பங்கள், மாணவரை வெளியேற்றும் வழக்குகள். பட்டியல் சின்னதாகத் தெரிந்தாலும் பட்ஜெட்டும் ஒப்பந்தமும் அதில் இருப்பதால் போதுமானது.

ஏன் உறுப்பினர் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்

பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஒரு தாய் கண்கலங்கிப் பேசுவார். மேடையில் இருக்கும் ஐந்து பேரும் சிலை மாதிரி இருப்பார்கள். திமிர் என்றுதான் தோன்றும். காரணம் 1953-ஆம் ஆண்டின் பிரௌன் சட்டம். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். அதில் இல்லாத பொருளைப் பற்றி வாரியம் விவாதிக்கக் கூடாது. சுருக்கமாக ஒரு விளக்கம் சொல்லலாம், அதிகாரியிடம் பார்க்கச் சொல்லலாம், பிறகொரு கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

அதே சட்டம் உறுப்பினர்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து வெளியே பேசிக்கொள்வதையும் தடுக்கிறது. நேரில் மட்டுமல்ல, சங்கிலித் தொடராகவும். முதல் உறுப்பினர் இரண்டாமவரிடம் பேசி, இரண்டாமவர் மூன்றாமவரிடம் அதையே கொண்டுபோனால் ஐவர் வாரியத்தில் சட்டமீறல் முடிந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு ஒரு பெற்றோர் மூன்று உறுப்பினர்களுக்குப் போன் போட்டு, "அவர் இதற்கு ஓகே சொல்லிவிட்டார், நீங்கள்?" என்று கேட்டால், தூது போகிறவர் அவரே ஆகிவிடுகிறார். விவரம் தெரிந்த உறுப்பினர் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துவார். 2021 முதல் சமூக ஊடகமும் இதில் சேர்ந்தது: வாரிய விவகாரம் பற்றி ஓர் உறுப்பினர் போட்ட பதிவுக்கு இன்னொரு உறுப்பினர் பதில் எழுதக் கூடாது, ஒரு லைக் கூடப் போடக் கூடாது.

மூடிய அறைக் கூட்டத்துக்கு அனுமதி சில பொருட்களுக்குத்தான்: ஊழியர் விவகாரம், வழக்கு, சம்பளப் பேச்சுவார்த்தை, மாணவர் ஒழுங்கு நடவடிக்கை, நிலம் வாங்கல் விற்றல் போன்றவை. சூப்பரின்டென்டன்ட் திடீரென்று விலகும்போது உறுப்பினர்கள் ஏன் வாயே திறப்பதில்லை என்பதற்கும் இதுதான் விடை. உள்ளே பேசியதை வெளியே சொல்வது அவர்களுக்கே குற்றமாக முடியும்.

பணம் எங்கிருந்து வருகிறது

"இவ்வளவு சொத்து வரி கட்டுகிறோம், பள்ளியில் பணமில்லை என்கிறார்களே" என்பது சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அடிக்கடி கேட்கும் குறை. நியாயமான குறைதான். ஆனால் கணக்கு வேறு.

1970-கள் வரை உள்ளூர் சொத்து வரிதான் பள்ளியின் முதுகெலும்பு. பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் ஏழை ஊர்ப் பள்ளிக்கும் இடையே இருந்த இடைவெளி சட்டப்படி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் செரானோ வழக்கில் 1971-இலும் 1976-இலும் சொன்னது. 1978 ஜூனில் வாக்காளர்கள் 13-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள்: சொத்து வரி மதிப்பில் 1 சதவீதம், அந்த மதிப்பு கைமாறும் வரை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில், 1985-இல் வாங்கியவர் கட்டும் வரியும் போன வருடம் வாங்கியவர் கட்டும் வரியும் பல மடங்கு வேறுபடுவது இதனால்தான். பள்ளிகளின் பணப்பெட்டிச் சாவி அதோடு மாநிலத்திடம் போய்விட்டது.

2013 முதல் நடைமுறையில் இருக்கும் சூத்திரப்படி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை. வகுப்பைப் பொறுத்து அது அண்மை ஆண்டுகளில் சுமார் 10,000 முதல் 12,000 டாலர். குறைந்த வருமானக் குடும்பம், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை ஆகியோருக்கு அதன் மேல் 20 சதவீதம். இப்படிப்பட்ட பிள்ளைகள் மாவட்டத்தில் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு இன்னும் 65 சதவீதம். ஆகவே ஐ.டி. ஊழியர் குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் மாநிலப் பணம் மற்ற பல மாவட்டங்களைவிடக் குறைவு. வீட்டு விலை உயரத்தில் இருக்கும், பள்ளிக்கு வரும் தொகை தாழ்வில் இருக்கும்.

விதிவிலக்கு உண்டு. உள்ளூர்ச் சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிட்டால் மிச்சத்தை மாவட்டம் வைத்துக்கொள்ளலாம். பாலோ ஆல்டோ அப்படி. ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டமும் அப்படி. அங்கே கணக்கு தலைகீழ். சாதாரண மாவட்டத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் வரவு. பாலோ ஆல்டோவுக்கு அது செலவு மட்டும், ஏனென்றால் வரி வருமானம் மாறாது. இரண்டு வாரியங்களின் உறுப்பினர்கள் மாணவர் எண்ணிக்கை பற்றி எதிரெதிராகப் பேசினால், இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறார்கள்.

வருகைப் பதிவேடும் இந்தியப் பயணமும்

மாநிலம் பணம் தருவது சேர்ந்த பிள்ளைகளுக்கு அல்ல, சராசரியாக வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு. காய்ச்சல் என்று டாக்டர் சீட்டு கொடுத்தாலும் அந்த நாள் கணக்கில் வராது. சீட்டு இருந்தால் பிள்ளைக்குத் தண்டனை இல்லை, மாவட்டத்துக்கு இழப்பு உண்டு. 11,000 டாலரை 180 நாட்களால் வகுத்தால் ஒரு நாள் விடுப்புக்குச் சுமார் 60 டாலர். 10,000 பிள்ளைகள் படிக்கும் ஒரு மாவட்டத்தில் வருகை 96-லிருந்து 94 சதவீதத்துக்கு இறங்கினால் 200 பிள்ளைகளுக்கான பணம், அதாவது 22 லட்சம் டாலர், காணாமல் போகும். செலவோ ஒரு பைசாவும் குறையாது. ஆசிரியர் வந்தாக வேண்டும், விளக்கு எரிந்தாக வேண்டும்.

குளிர்கால விடுமுறையை இழுத்து ஜனவரி பொங்கல் வரை ஊரில் இருந்துவிட்டு வரும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தனிப்பாட ஒப்பந்தம் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. பயணத்துக்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் கேட்டு, பெற்றோரும் ஆசிரியரும் கையெழுத்திட்டு, கொடுத்த பாடவேலையைப் பிள்ளை முடித்துத் திருப்பினால் அந்த நாட்கள் வருகையாகச் சேரும். எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும், அதிகபட்சம் எத்தனை நாள் என்பது மாவட்டக் கொள்கையில் இருக்கும். விமானச் சீட்டு எடுத்ததும் கேட்டால் சரி. திரும்பி வந்து கேட்டால் பயனில்லை. ஒப்பந்தமும் இல்லாமல் நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் மாவட்டங்கள் உண்டு. அந்த வகுப்பு நிரம்பியிருந்தால் திரும்பி வரும்போது வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்காமல் போகலாம்.

பிள்ளைகள் குறையும்போது

2014-15-இல் மாநிலப் பொதுப் பள்ளிகளில் 62 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2023-24-இல் சுமார் 58 லட்சம். பிறப்பு விகிதம், வீட்டு விலை, மாநிலத்தை விட்டுப் போகிறவர்கள் என்று காரணங்கள் பல. நல்ல மதிப்பெண் இருந்தால் பள்ளி தப்பும் என்பது பொய். தேர்வு மதிப்பெண்ணில் மாநிலத்தின் உச்சியில் இருக்கும் கூப்பர்டினோ யூனியன் மாவட்டமே 2022-இல் தொடக்கப் பள்ளிகளை மூடியது. சின்னப் பிள்ளை வைத்திருக்கும் வயதில் அந்த ஊரில் வீடு வாங்கக்கூடியவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வாரியத்துக்கு இதில் இருக்கும் சிக்கல் எளிய வகுத்தலில் புரியும். 20 தொடக்கப் பள்ளிகள் உள்ள மாவட்டத்தில் 200 பிள்ளைகள் குறைந்தால் ஒரு பள்ளிக்குப் பத்து. மழலை வகுப்பிலிருந்து ஐந்தாவது வரை பரப்பினால் வகுப்புக்கு ஒருவர் அல்லது இருவர். 24 பேர் இருந்த வகுப்பில் 22 பேர் ஆவார்கள். எந்த ஆசிரியர் பணியிடத்தையும் நீக்க முடியாது. ஆனால் 22 லட்சம் டாலர் வரவு போய்விட்டது.

2022 முதல் மாநிலம் ஒரு மெத்தை போட்டிருக்கிறது. இந்த வருட வருகை, போன வருட வருகை, முந்தைய மூன்று வருடச் சராசரி, இந்த மூன்றில் எது அதிகமோ அதற்குப் பணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்கொரு பக்கவிளைவு உண்டு: சரிவு தொடங்கும் வருடத்தில் வலியே தெரியாது. அந்த மயக்கத்தில் வாரியம் மூன்று வருட ஊதிய உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாவது வருடத்தில் விழிக்கும்.

பள்ளியை மூடினால் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். பெற்றோர் பயப்படும் அளவுக்கும் இராது, அதிகாரிகள் ஆசைப்படும் அளவுக்கும் இராது. பிள்ளைகளோடு ஆசிரியர்களும் அடுத்த பள்ளிக்குப் போகிறார்கள். மிஞ்சுவது முதல்வர், அலுவலகப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், மின்கட்டணம், சில பகுதிநேரப் பணியிடங்கள். ஒரு பள்ளியை மூடுவது பட்ஜெட் பள்ளத்தை அடைக்காது. நான்கைந்தை மூடுவது அரசியல் தற்கொலை. ஆகவே பல வாரியங்கள் ஒன்றிரண்டை மூடி, முழுக் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, கால்வாசிப் பணத்தை மட்டும் மிச்சம் பிடிக்கின்றன. மூடிய கட்டடத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ வேண்டுமென்றால் 7 முதல் 11 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை முதலில் அமைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் நுழைய வேண்டிய கதவு அந்தக் குழு.

கோடிக்கணக்கில் கட்டடம், வகுப்பில் ஆசிரியர் இல்லை

ஒரே மாதத்தில் புதிய நீச்சல் குளத்துக்கு அடிக்கல்லும் நாட்டும், ஆசிரியர்களுக்கு வேலைநீக்கக் கடிதமும் கொடுக்கும் மாவட்டத்தைப் பார்த்து எரிச்சல் வருவது இயல்பு. இரண்டும் வேறு வேறு பெட்டி. கட்டடத்துக்கான கடன்பத்திரத்துக்கு 2000-ஆம் ஆண்டின் 39-ஆம் முன்மொழிவுப்படி 55 சதவீத வாக்கு போதும். பதிலுக்குக் கட்டுப்பாடுகள்: திட்டப் பட்டியலை முன்பே வெளியிட வேண்டும், குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைக்க வேண்டும், வருடாந்தரத் தணிக்கை வேண்டும், ஒரு டாலர்கூடச் சம்பளத்துக்குப் போகக் கூடாது. சம்பளத்துக்கு உள்ளூரில் பணம் திரட்டும் முக்கிய வழி மனை வரி. வீடு பெரிதோ சிறிதோ, மனைக்கு இத்தனை டாலர் என்று பெரும்பாலும் ஒரே அளவு. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 65 சதவீதம் பேர் ஆதரித்தும் தோற்றுப்போகும்.

மார்ச் 15

செலவில் 80 முதல் 90 சதவீதம் சம்பளமும் அது சார்ந்த சலுகைகளும். ஓய்வூதியத்துக்கு மட்டும் ஆசிரியர் சம்பளத்தில் 19.1 சதவீதத்தை மாவட்டம் கட்டுகிறது. 2014-க்கு முன் அது 8.25 சதவீதம். மற்ற ஊழியர்களுக்கு இப்போது சுமார் 27 சதவீதம். பட்ஜெட்டை வெட்ட வேண்டுமென்றால் ஆட்களைக் குறைப்பதைத் தவிர வழி கிடையாது. காகிதத்தையும் பயணப்படியையும் வெட்டி ஈடுகட்டுவேன் என்கிற வேட்பாளருக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆட்குறைப்புக்குச் சட்டம் ஒரு நாள் குறித்திருக்கிறது. அடுத்த வருடம் வேலை இல்லாமல் போகக்கூடிய ஆசிரியர்களுக்கு மார்ச் 15-க்குள் முதல் கடிதம், மே நடுவில் இறுதிக் கடிதம். 2022 முதல் பெரும்பாலான மற்ற நிரந்தர ஊழியர்களுக்கும் இதே முறை. ஆனால் ஆளுநர் ஜனவரி 10-க்குள் தரும் மாநில பட்ஜெட் வெறும் உத்தேசம். திருத்திய கணக்கு மே 14-க்குள். சட்டமன்றம் நிறைவேற்றுவது ஜூன் 15-க்குள். வாரியம் வருமானம் தெரியாமலே மூன்று மாதம் முன்னால் ஆட்களைக் கணக்கிட வேண்டும். கடிதம் கொடுக்காமல் விட்டால் பிறகு குறைக்க அநேகமாக வழியில்லை என்பதால் தேவைக்கு அதிகமாகவே கொடுப்பார்கள். பிறகு பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறுவார்கள். பணி மூப்பில் கடைசியாகச் சேர்ந்தவருக்கு முதல் கடிதம் என்பதால் இளம் ஆசிரியர்கள் வசந்தகாலத்திலேயே வேறு மாவட்டத்தில் வேலை தேடிக்கொள்கிறார்கள். ஜூனில் பணம் வந்தாலும் ஆள் திரும்பி வருவதில்லை. கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களைத் தவிர்த்துவிட்டுக் கடிதம் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கான காரணத்தைத் தீர்மானத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் அந்தத் தீர்மானத்தைப் படித்தாலே வாரியம் கவனமாக வேலை பார்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு தாள்கள். டிசம்பர் 15-க்குள் முதல் இடைக்கால அறிக்கை, மார்ச் நடுவில் இரண்டாவது. இந்த வருடமும் அடுத்த இரண்டு வருடங்களும் கடமைகளைச் சமாளிக்க முடியுமா என்று வாரியம் சான்று தர வேண்டும்: முடியும், முடியாமல் போகலாம், முடியாது என்று மூன்று நிலை. ரிச்மண்ட் மாவட்டம் 1991-இல் பணம் தீர்ந்து, வருடம் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே பள்ளிகளை மூடப் பார்த்தது. அதன் பிறகு வந்த சட்டம் இது. மூன்றாவது நிலைக்கு இறங்கி மாநிலத்திடம் அவசரக் கடன் கேட்டால் சூப்பரின்டென்டன்டுக்கு வேலை போகும், வாரியம் வெறும் ஆலோசனை சபை ஆகும். ஓக்லாண்டுக்கு 2003-இல் அதுதான் நடந்தது. 10 கோடி டாலர் கடனைக் கட்டி முடிக்க 20 வருடங்களுக்கு மேல் ஆனது.

கையிருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுவார்த்தை சமயத்தில் "வங்கியில் லட்சக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்" என்று துண்டறிக்கை வரும். 1,001 முதல் 30,000 பேர் படிக்கும் மாவட்டத்துக்குச் சட்டப்படிக் குறைந்தபட்சக் கையிருப்பு 3 சதவீதம். பதினோரு நாள் செலவுக்குத்தான் வரும். அதற்கு மேல் இருந்தால் கேள்வி கேட்கலாம். ஆனால் ஒருமுறை வரும் பணத்தில் வருடா வருடம் தர வேண்டிய சம்பள உயர்வைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா நிவாரண நிதி காட்டிவிட்டது. அந்த மத்திய நிதிக்கான கெடு 2024 செப்டம்பர் 30-இல் முடிந்தது. அதில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்கள் அடுத்த மார்ச்சிலேயே கடிதம் அச்சடித்தன. மாநிலம் தரும் விலைவாசி ஈடும் நிலையானதல்ல: 2023-24-இல் 8.22 சதவீதம், அடுத்த வருடமே 1.07. சங்கத்தோடு ஒப்பந்தத்தை ஏற்பதற்கு முன் அதன் செலவை மாவட்டம் பொதுவில் வெளியிட வேண்டும். மூன்று வருடக் கணக்கோடு வரும் அந்தத் தாளைப் பார்க்காமல் கை தூக்கும் உறுப்பினர் யார் பக்கம் நின்றாலும் ஆபத்துதான்.

சிறப்புக் கல்வி

மத்திய அரசு 1975-இல் சிறப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்னது. ஒரு வருடமும் அந்த அளவைத் தொட்டதில்லை. மிச்சத்தைப் பொது நிதியிலிருந்து எடுத்தாக வேண்டும், ஏனென்றால் பிள்ளைக்கான சேவை சட்ட உரிமை. "சிறப்புக் கல்விதான் மற்ற பிள்ளைகளின் பணத்தைத் தின்கிறது" என்று மேடையில் பேசும் உறுப்பினரை நம்பாதீர்கள். தின்பது வாஷிங்டனின் பாக்கி.

பெற்றோருக்குத் தேவையான நடைமுறை இது: மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் கடிகாரம் ஓடாது. 15 நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் கைக்கு வர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டுத் திருப்பியதிலிருந்து 60 நாட்களுக்குள் கூட்டம் நடந்தாக வேண்டும். நீண்ட விடுமுறை நாட்கள் கணக்கில் சேராததால் மே மாதம் கேட்பவருக்கு இலையுதிர்காலம் வரை இழுக்கும். இதில் வாரியத்துக்குப் பங்கில்லை. உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதினால் சூப்பரின்டென்டன்டுக்கு அனுப்பிவிடுவார். அது தட்டிக்கழிப்பு அல்ல.

அல்ஜீப்ரா

தமிழ்ப் பெற்றோர் அதிகம் கொதிப்பது இங்கேதான். ஒன்பதாவதில் அல்ஜீப்ரா-1 தொடங்கினால், ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா-2, ப்ரீகால்குலஸ் என்று பன்னிரண்டாவது முடிந்துவிடும், கால்குலஸுக்கு இடமில்லை. எட்டாவதிலேயே தொடங்கினால் இடம் உண்டு. சான் ஃப்ரான்சிஸ்கோ 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எல்லோருக்கும் நிறுத்தியது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாதையில் வைத்தால் இடைவெளி குறையும் என்ற எண்ணம். வசதியுள்ளவர்கள் தனியார் வகுப்பிலும் கோடை வகுப்பிலும் படிக்கவைத்துத் தாண்டிப்போனார்கள். 2024-இல் வாரியம் பாடத்தைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது. அந்த மார்ச் ஆலோசனை வாக்கெடுப்பிலும் நகரம் பெரும்பான்மையாக அதையே சொன்னது.

பாடம் இருக்க வேண்டுமா, யாரை எந்த அளவுகோலில் சேர்ப்பது என்ற கொள்கையை வாரியம் தீர்மானிக்கலாம். உங்கள் பிள்ளை சேருமா என்பதை அல்ல. ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணக்கு என்பதற்கு 2015 சட்டப்படி நியாயமான, வெளிப்படையான, வாரியம் ஏற்ற கொள்கை இருந்தாக வேண்டும். வருடத்தின் முதல் மாதத்திலேயே மறுபரிசீலனை ஒன்று, பெற்றோர் முறையிட ஒரு வழி. இந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு வாங்குவது, கூட்டத்தில் இரண்டு நிமிடம் கத்துவதைவிட அதிகம் பலன் தரும். நடைமுறைத் தடை வேறு: சிறிய நடுநிலைப் பள்ளியில் ஒன்பது பிள்ளைகள் மட்டும் தகுதி பெற்றால் அவர்களுக்கென்று ஒரு வகுப்பும் கணக்குச் சான்று உள்ள ஆசிரியரும் ஒதுக்குவது எப்படி? பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குக் காலை முதல் பீரியட்டுக்கு அனுப்பலாம், பஸ் இருந்தால். பஸ் பற்றிப் பேசாத அல்ஜீப்ரா வாக்குறுதி காற்றில் போகும்.

வீட்டு மொழிப் படிவம்

பிள்ளையை முதன்முதலில் சேர்க்கும்போது நான்கு கேள்வி கொண்ட வீட்டு மொழிப் படிவம் தருவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் எது பேசும் என்பன போன்றவை. முதல் மூன்றில் ஒன்றுக்காவது "தமிழ்" என்று எழுதினால் 30 நாட்களுக்குள் ஆங்கிலத் தேர்வு ஒன்று நடக்கும். வீட்டில் கதைகளெல்லாம் தமிழில் கேட்டு வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளை, அறிமுகமில்லாதவர் கேட்கும் கேள்விக்கு வாய் திறக்காமல் இருந்து, ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆங்கிலம் கற்கச் சிறப்பு நேரம் கிடைக்கும், மாவட்டத்துக்கும் கூடுதல் 20 சதவீதம் வரும், அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் தேர்வில் உயர்நிலை, ஆசிரியர் கருத்து, பெற்றோர் ஆலோசனை, அடிப்படைத் திறன் என்று நான்கும் சரியாகும் வரை வருடா வருடம் தேர்வு தொடரும். இதற்குப் பயந்து ஆங்கிலம் என்று பொய் எழுதச் சொல்லும் வாட்ஸ்அப் ஆலோசனை தேவையற்றது. தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லி, அறிமுகமில்லாத பெரியவரிடம் பதில் சொல்லப் பழக்கினாலே போதும்.

மறுபக்கமும் உண்டு. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் உலகமொழி கிரெடிட் தரும் மாவட்டங்கள் இருக்கின்றன. அது முழுக்க உள்ளூர் வாரியத்தின் கையில். ஐந்து பேரில் மூன்று பேரைச் சம்மதிக்க வைத்தால் நடக்கக்கூடிய, பைசா செலவில்லாத கோரிக்கை இதைப் போல வேறில்லை.

எப்படி அணுகுவது, யார் ஓட்டுப் போடலாம்

தனிப் பிள்ளையின் பிரச்சினைக்கு வரிசை: ஆசிரியர், முதல்வர், மாவட்ட அலுவலகம், சூப்பரின்டென்டன்ட். வாரியம் கடைசி. பாடநூல் இல்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, தகுதியில்லாத ஆசிரியர் என்ற மூன்றுக்கும் தனிக் குறுக்குவழி உண்டு: 2004-ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தத்தில் பிறந்த புகார்ப் படிவம். வகுப்பறைச் சுவரிலேயே அதைப் பற்றிய அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். பெயர் போடாமலும் கொடுக்கலாம். நியாயமான புகாரை 30 வேலை நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும்.

கொள்கைப் பிரச்சினைக்குக் கூட்டத்தில் பேசலாம். குடியுரிமை தேவையில்லை, ஹெச்-1பி விசாவில் இருப்பவரும் பேசலாம். பொதுவாக ஆளுக்கு 2 அல்லது 3 நிமிடம். பெயர், பள்ளி, எந்த எண்ணுள்ள பொருள், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று முதல் 20 விநாடியில் சொல்லிவிட வேண்டும். நாற்பது பேர் ஒரே விஷயத்தைச் சொல்வதைவிட மூன்று பேர் மூன்று தகவல் சொல்வது எடுபடும். 'ஒப்புதல் பட்டியல்' என்ற தலைப்பின் கீழ் பத்து, இருபது ஒப்பந்தங்கள் விவாதமின்றி ஒரே வாக்கெடுப்பில் போகும். பணம் கசியும் இடம் அதுவே. ஒன்றைத் தனியாக எடுக்கச் சொல்லி உறுப்பினர் ஒருவருக்கு முந்தைய நாளே எழுதினால் அவர் எடுக்கலாம்.

ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும் என்பது பொது விதி. சான் ஃப்ரான்சிஸ்கோவில் 2016-இல் நிறைவேறிய விதிப்படி பள்ளி வயதுப் பிள்ளையின் பெற்றோரோ காப்பாளரோ குடியுரிமை இல்லாமலும் வாரியத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கெனத் தனிப் பதிவு உண்டு. வழக்கமான வாக்காளர் படிவத்தில் தவறிக் கையெழுத்திட்டால் கிரீன் கார்டும் குடியுரிமையும் சிக்கலாகும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஓக்லாண்டிலும் பெர்க்லியிலும் 2024 நவம்பர் முதல் 16, 17 வயதினரும் வாரிய உறுப்பினருக்கு வாக்களிக்கிறார்கள்.

2001-ஆம் ஆண்டின் மாநில வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு பல மாவட்டங்கள் ஊர் முழுக்க ஒரே தேர்தல் என்பதை விட்டு வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்துவிட்டன. வட்டாரத்துக்குச் சில ஆயிரம் வாக்குகளே விழும். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தாலே பெரிய வெற்றி. தேர்தல் கூட்டங்களில் வேட்பாளரிடம் அல்ஜீப்ரா பற்றிக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே மாவட்டத்தின் கடைசி இடைக்கால அறிக்கை எந்த நிலைச் சான்று பெற்றது, மூன்றாவது வருடத்தில் பள்ளம் எவ்வளவு, அதை அடைக்க எந்தப் பணியிடங்களை முதலில் எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் முதல் இரண்டுக்கும் தாளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும்.